சீலன்ட் மாற்றப் போகிறேன்: பழையதை முழுக்க எடுக்க வேண்டுமா, மேலேயே போடலாமா?

கருநீலபலேனோ (மேடவாக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது கருநீல பலேனோ கார். பகலில் அலுவலக வளாகத்தில் முழு வெயிலில் நிற்கும், இரவில் எங்கள் அடுக்ககத்து மாமரத்தடியில். வாங்கிய நாளிலிருந்து பெயின்ட்டைக் காக்க, கையால் பூசிக் காயவிட்டுத் துடைக்கும் பாலிமர் சீலன்ட் ஒன்றைத்தான் போட்டு வருகிறேன். கோடைக்கு முன் ஒரு தடவை, மழைக்கு முன் ஒரு தடவை என்று விடாமல் செய்கிறேன்.

கொஞ்ச நாளாகத் தண்ணீர் ஊற்றினால் பானட்டில் முத்து முத்தாக நிற்பதில்லை. அப்படியே படர்ந்து தேங்குகிறது. டோர்களின் கீழ்ப்பகுதியில் கை வைத்தால் சொரசொரப்பு. சீலன்ட்டுக்கு ஆயுள் முடிந்துவிட்டது போலிருக்கிறது. இனி செராமிக் ஸ்பிரே வகைக்கு மாறலாம் என்று நினைக்கிறேன். அடித்தோமா துடைத்தோமா என்று வேலை சீக்கிரம் முடியும் என்கிறார்கள்.

பழைய படலத்தை முழுக்க எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டுமா? பாத்திரம் கழுவும் லிக்விட் போட்டுக் கழுவினால் அது போய்விடுமா? பக்கத்தில் உள்ள கடையில் கேட்டால், மெஷின் பாலிஷ் போடாமல் புது சீலன்ட் ஒட்டவே ஒட்டாது என்கிறார்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முடித்துவிட வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

துடைப்புத்துணி (திருச்சி)

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? பாத்திர லிக்விட் போட்டு ஒரு கழுவு, காய்ந்ததும் ஸ்பிரே. நான் அப்படித்தான் செய்கிறேன், தண்ணீர் நன்றாகவே உருண்டு ஓடுகிறது.

சிறுவாணிக்கரை (கோவை)

நண்பரே, ஒரு கேள்வி: என்ன தண்ணீரில் கழுவுகிறீர்கள்? போர் தண்ணீரா, லாரித் தண்ணீரா, மெட்ரோ தண்ணீரா? மற்றதெல்லாம் இதற்குப் பதில் தெரிந்த பிறகுதான்.

கருநீலபலேனோ (மேடவாக்கம்)

போர் தண்ணீர்தான். சில நாள் ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்து அதில் கழுவுவேன். வீணாகக் கூடாது என்பதற்காக.

சிறுவாணிக்கரை (கோவை)

அப்படியென்றால் உங்கள் சீலன்ட் இன்னும் உயிரோடு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

ஆர்ஓ மெஷின் நமக்கு நல்ல தண்ணீரைக் கொடுத்துவிட்டு, உப்பையெல்லாம் மீதித் தண்ணீரில் சேர்த்து வெளியே தள்ளுகிறது. உங்கள் போர் தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறதோ, அதைவிட அதிகமாக அந்த வாளியில் இருக்கும். வீட்டுத் தரை கழுவ, கழிவறைக்கு ஊற்ற அது போதும். காருக்கு வேண்டவே வேண்டாம். குடிநீருக்கான இந்தியத் தர அளவுகோலில் (ஐஎஸ் 10500) கரைந்த உப்புகளுக்கு விரும்பத்தக்க வரம்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை. சென்னையின் தெற்குப் பகுதிகளில் போர் தண்ணீர் 500-ஐத் தாண்டுவது சாதாரணம். பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி இரண்டு தண்ணீரையும் அளந்து பாருங்கள்.

அந்தத் தண்ணீர் பானட்டில் காயும்போது ஒவ்வொரு சொட்டும் கால்சியம், மக்னீசியம் உப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. நாளடைவில் சீலன்ட்டின் மேல் மெல்லிய உப்புப் படலம் ஒன்று வந்துவிடும். தண்ணீரை விலக்குவது சீலன்ட்டின் குணம், ஆனால் உப்புக்கு அந்தக் குணம் கிடையாது. நீங்கள் ஊற்றும் தண்ணீர் இப்போது தொடுவது உப்பை. அதனால்தான் படர்ந்து நிற்கிறது. சீலன்ட் கீழே அப்படியேகூட இருக்கலாம்.

டோரின் அடியில் சொரசொரப்பு என்கிறீர்களே, அது வேறு விஷயம். பிரேக் தேய்மானத்தில் பறக்கும் இரும்புத் துகள் கிளியர் கோட்டில் (நிறத்துக்கு மேல் இருக்கும் நிறமற்ற பெயின்ட் அடுக்கு) குத்தி நிற்பது. ரயில் பாதைக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இது கூரை வரைக்கும் இருக்கும்.

ஆகவே இப்போதைக்குப் புது பாட்டில் எதுவும் வாங்க வேண்டாம். முதலில் இதைச் செய்து பாருங்கள். பிஎச் நடுநிலையான கார் ஷாம்பு போட்டு நிழலில் கழுவுங்கள். வண்டி ஈரமாக இருக்கும்போதே அயர்ன் ரிமூவர் அடியுங்கள். இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாக வடியும். நாற்றம் தாங்காது, முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள். காயவிடாமல் அலசிவிடுங்கள். அப்புறம் சமையலுக்குப் பயன்படுத்தும் வெள்ளை வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து ஒவ்வொரு பேனலாகத் தடவி, ஒரு நிமிடத்துக்குள் அலசுங்கள். வெயிலில் செய்யக் கூடாது, பேனல் சூடாகவும் இருக்கக் கூடாது. எல்லாம் முடிந்ததும் மெதுவாகத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முத்து திரும்பி வந்தால் சீலன்ட் சாகவில்லை, அடைபட்டுத்தான் கிடந்தது.

துடைப்புத்துணி (திருச்சி)

பாத்திர லிக்விட் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

சிறுவாணிக்கரை (கோவை)

அதற்கும் சொல்கிறேன். பாத்திர லிக்விட் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். மெழுகின் மேல்பூச்சைக் கொஞ்சம் அசைக்கும். இறுகிப்போன பாலிமர் சீலன்ட்டை அது எடுத்துவிடும் என்று நம்ப முடியாது. சரியாக அலசாவிட்டால் அதன் மிச்சமும் பேனலில் தங்கி, தண்ணீர் படர்ந்து நிற்கும். அதைப் பார்த்து ‘பழையது போய்விட்டது’ என்று முடிவு கட்டுகிறோம். பாத்திரம் தேய்க்கும் சோப்புக்கட்டி பக்கம் போகவே வேண்டாம், அதில் தேய்ப்பதற்கென்றே தூள் கலந்திருக்கும். கருநீல வண்டியில் கீறல் எல்லாம் வெயிலில் வட்ட வட்டமாகத் தெரியும்.

உங்கள் வண்டியில் தண்ணீர் உருண்டு ஓடுவதை நான் மறுக்கவில்லை. எதன் மேல் அடித்தாலும் ஸ்பிரே முதல் வாரத்தில் உருட்டிக் காட்டும். அது எத்தனை மாதம் நிற்கும் என்பதுதான் கேள்வி. உதிர்கிற சுண்ணாம்பின் மேல் டிஸ்டெம்பர் அடித்தால் டிஸ்டெம்பருக்கு ஆயுள் சுண்ணாம்பின் ஆயுள்தானே? புதுப் படலம் கிளியர் கோட்டைப் பிடிக்காமல் பழைய படலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கீழே இருப்பது கழன்றால் மேலே இருப்பதும் கூடவே போகும்.

உப்புக்காற்று (நீலாங்கரை)

கடற்கரையில் இருந்து சொல்கிறேன். இவ்வளவு ரசாயனம் எனக்குத் தெரியாது. நான் போடுவது காலினைட் 845. அமெரிக்கத் தயாரிப்பு, மின்கம்பிகளைத் தாங்கும் இன்சுலேட்டர்களின் பெயரே அதன் லேபிளில் இருக்கும். கார்னூபா மெழுகும் பாலிமரும் சேர்ந்த கலவை. குளிர் நாட்டில் பாட்டிலுக்குள் உறைந்துவிடும் என்று எழுதுகிறார்கள், நம் ஊரில் குலுக்கினால் பால் மாதிரி வருகிறது. மெல்லிசாகப் பூசி, மங்கியதும் துடைத்தால் முடிந்தது. உப்புக் காற்றில் இரவெல்லாம் நிற்கிற வண்டி இது. செராமிக் ஸ்பிரேவும் போட்டுப் பார்த்தேன், பளபளப்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இங்கே காலையில் பனி மாதிரி படிகிற உப்பு ஈரம் வெயில் ஏறியதும் காய்ந்து, ஒவ்வொரு சொட்டும் வட்டமாகத் தெரிந்தது. அதனால் பழையதற்கே திரும்பி வந்துவிட்டேன்.

மாறித்தான் ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதையும் யோசியுங்கள்.

வண்டிக்காரத்தம்பி (மதுரை)

அண்ணன்களே, குறுக்கே ஒரு சந்தேகம். நான் புது வண்டி எடுத்தபோது ஷோரூமில் டெஃப்லான் கோட்டிங் என்று ஒரு தொகை வாங்கிக்கொண்டு போட்டுக் கொடுத்தார்கள். அதன் மேல் சீலன்ட் போடலாமா? அதையும் எடுக்க வேண்டுமா? கிராஃபீன் என்று ஒன்று இப்போது ஓடுகிறதே, அது செராமிக்கைவிட மேலா?

சிறுவாணிக்கரை (கோவை)

தம்பி, டெஃப்லான் என்பது பிடிஎஃப்இ என்ற பிளாஸ்டிக். அது உருகுவதே சுமார் 327 டிகிரி செல்சியஸில். தோசைத் தவாவில் அது ஒட்டுவது தொழிற்சாலை உலையில் அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோவதால்தான். காரை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோனால் ரப்பர், பிளாஸ்டிக், பெயின்ட் எதுவும் மிஞ்சாது. கார் தொழிற்சாலையில் கிளியர் கோட்டை வேகவைப்பதே 140 டிகிரியை ஒட்டித்தான். ஆகவே உங்கள் வண்டியில் நின்றிருந்த பளபளப்பு அந்தக் கலவையில் இருந்த மெழுகும் சிலிக்கோனும் கொடுத்தது. சில மாதங்கள் ஓடிய வண்டி என்றால் அதில் எடுப்பதற்குப் பெரிதாக எதுவும் மிச்சம் இருக்காது. நன்றாகக் கழுவி, அயர்ன் ரிமூவர் அடித்து, தேவைப்பட்டால் கிளே (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி) செய்து, சீலன்ட் போடுங்கள்.

கிராஃபீன் என்று பாட்டிலில் எழுதியிருப்பதிலும் பேனலைப் பிடித்துக்கொள்ளும் வேலையைச் செய்வது பெரும்பாலும் சிலோக்சேன் என்ற சிலிக்கோன் வகைப் பிசின்தான். பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். பூசுவது சுலபமா, துடைத்தால் கோடு விழாமல் வருகிறதா, உங்கள் தண்ணீருக்கு ஒத்துவருகிறதா, இந்த மூன்றைப் பாருங்கள்.

பெயின்ட்பூத் (சேலம்)

பாடி ஷாப்பில் வேலை செய்கிறேன். மெஷின் பாலிஷ் விஷயத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், கடைக்காரர்கள் கோபித்தாலும் சரி.

கம்பெனி பெயின்ட்டின் மொத்தக் கனம் பெரும்பாலான வண்டிகளில் 100 முதல் 130 மைக்ரான். அதில் மேலே இருக்கும் கிளியர் கோட் 40 மைக்ரானை ஒட்டி. தலைமுடியைவிட மெல்லிசு. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிற பொருள் எல்லாம் அந்த 40-க்குள்தான் இருக்கிறது. ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். மெல்லிய பாலிஷ் என்றால் ஒன்றிரண்டு மைக்ரான். கட்டிங் காம்பவுண்ட், கம்பளிப் பேடு என்று இறங்கினால் அதற்கும் மேல். சீலன்ட் மாற்றும்போதெல்லாம் மெஷின் போட்டால் சில வருடத்தில் பானட்டின் ஓரங்களில் கிளியர் தீர்ந்து வெள்ளை வெள்ளையாக உரியும். அதை எந்த பாட்டிலாலும் சரிசெய்ய முடியாது, திரும்ப பெயின்ட் அடிப்பது ஒன்றுதான் வழி. அந்த மாதிரி வண்டி எங்கள் பட்டறைக்கு வராத மாதம் கிடையாது. பார்க்கவே வயிறு எரிகிறது.

கீறல் இருந்தால் பாலிஷ் போடுங்கள், அது நியாயம். சீலன்ட் ஒட்டுவதற்காக மட்டும் போட வேண்டாம். கையால் தேய்க்கும் பெயின்ட் கிளீன்ஸர் போதும்.

இன்னொன்று. பம்பரோ டோரோ புதிதாக பெயின்ட் அடித்திருந்தால் குறைந்தது 30 நாள் அந்தப் பேனலில் சீலன்ட், மெழுகு எதுவும் வேண்டாம். பெயின்ட்டில் உள்ள சால்வென்ட் வெளியேற வேண்டும். அதேபோல பெயின்ட் அடிக்கக் கொண்டுவரும்போது வண்டியில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். சிலிக்கோன் மிச்சம் இருந்தால் புது பெயின்ட் அந்த இடத்தில் விலகி, மீன் கண் மாதிரி குழி குழியாக நிற்கும். முன்பே தெரிந்தால் ரிமூவர் போட்டு இரண்டு தடவை துடைத்துக்கொள்வோம்.

துடைப்புத்துணி (திருச்சி)

மெஷின் வேண்டாம், பாத்திர லிக்விட்டும் வேண்டாம் என்றால் பழையதை எடுப்பதற்கு என்னதான் வழி? ஐபிஏ (ஐசோபுரொபைல் ஆல்கஹால்) அடித்துத் துடைத்தால் போதும் என்று நிறைய இடத்தில் சொல்கிறார்களே.

சிறுவாணிக்கரை (கோவை)

நல்ல கேள்வி. ஐபிஏ பாலிஷின் எண்ணெயை எடுப்பதற்கு நல்லது. இறுகிய சீலன்ட்டை எடுப்பதில் அதை முழுக்க நம்ப முடியாது. அதுவும் 99 சதவீத ஐபிஏவை அப்படியே ஊற்றக் கூடாது, கிளியர் கோட் அதைக் கொஞ்சம் உறிஞ்சி மென்மையாகும். 10 முதல் 15 சதவீதமாகக் கலந்து பயன்படுத்துங்கள். கலக்குவதற்கு பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர், அதாவது உப்பு நீக்கிய தண்ணீர். குழாய்த் தண்ணீரில் கலந்தால் மறுபடி உப்பைக் கொண்டுபோய்ப் பூசுவதுதான் நடக்கும்.

நான் செய்யும் முறை இது. கழுவி, இரும்பு, உப்பு இரண்டையும் எடுத்தபிறகு, மெல்லிய பிளாஸ்டிக் உறையைக் கையில் மாட்டிக்கொண்டு பேனலைத் தடவிப் பார்ப்பேன். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு அதில் தெரியும். வழுவழுப்பாக இருந்தால் கிளே பாரைத் தொட மாட்டேன். கருப்பு, கருநீல வண்டிகளில் கிளேவே மெல்லிய மங்கலை உண்டாக்கும். சொரசொரப்பு இருக்கும் பேனலில் மட்டும் நிறைய ஷாம்பு நீர் விட்டு, அழுத்தாமல் இரண்டு இழுப்பு. அப்புறம் பெயின்ட் கிளீன்ஸர் அல்லது மிக மெல்லிய ஃபினிஷிங் பாலிஷை ஃபோம் பேடில் எடுத்துக் கையால் தேய்ப்பேன். இதில் உள்ள நுண்ணிய தூளும் சால்வென்ட்டும் சேர்ந்து பழைய சீலன்ட்டை எடுக்கும். சீலன்ட் படலம் ஒரு மைக்ரான்கூட இருக்காது, அதற்கு மெஷின் அழுத்தம் தேவையில்லை. கடைசியாக ஐபிஏ கலவை அடித்து ஒரு துடைப்பு.

எடுத்துவிட்டோமா என்று தெரிந்துகொள்ள, பேட்டரி தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படர்ந்தால் போய்விட்டது. ஒரு பக்கம் படர்ந்து ஒரு பக்கம் உருண்டால் திட்டுத் திட்டாக மிச்சம் இருக்கிறது, அங்கே மட்டும் மறுபடி செய்யுங்கள்.

வரிசையும் முக்கியம். சீலன்ட் கீழே, மெழுகு மேலே. மெழுகின் மேல் சீலன்ட் போட்டால் நிற்காது. கார்னூபா 82 முதல் 86 டிகிரியில் உருகிவிடும். மே மாத வெயிலில் நிற்கும் கருநிற வண்டியின் பானட் 70-ஐத் தொடும் இடத்துக்குப் போகும். அந்த அளவுக்கு இளகி நிற்கும் ஒன்றின் மேல் எதை ஒட்டவைக்க முடியும்?

கருநீலபலேனோ (மேடவாக்கம்)

சிறுவாணிக்கரை சார், சொன்னபடி செய்தேன். முதலில் தண்ணீரை அளந்தேன். போர் 1100-ஐ ஒட்டி, ஆர்ஓ கழிவு 1700-க்கு மேல். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

அயர்ன் ரிமூவர் அடித்ததும் பின் டோர்களில் ஊதா நிறம் ஓடியது. பானட்டில் அவ்வளவு இல்லை. ஆனால் வினிகர் துடைத்து அலசியதும் பானட்டில் முத்து வந்துவிட்டது. ரூஃபிலும் வந்தது. டோர்களின் கீழ்ப்பாதியில் மட்டும் வரவில்லை. அங்கே நிஜமாகவே தேய்ந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இப்போது குழப்பம் கூடிவிட்டது. நன்றாக இருப்பதை எடுத்துவிட்டுப் புதியது போடுவதா?

சிறுவாணிக்கரை (கோவை)

நல்லது. இது குழப்பமே இல்லை. கீழ்ப்பாதியில் தேய்வதற்குக் காரணம் இருக்கிறது: சக்கரம் வாரியடிக்கும் மணலும் சேறும், அதோடு வாட்டர் வாஷில் முதலில் அடிக்கும் காட்டமான நுரையும். பல இடங்களில் அந்த நுரை பிஎச் 12-க்குப் பக்கத்தில் இருக்கும். காரத்தன்மை அதிகமான நுரைக்கு முன் பாலிமரும் சரி, செராமிக் ஸ்பிரேவும் சரி, நீண்ட நாள் தாங்காது. வெளியே கழுவக் கொடுத்தால் உங்கள் ஷாம்பு பாட்டிலை எடுத்துப்போய்க் கொடுங்கள். கொஞ்சம் கூச்சமாக இருக்கும், ஆனால் செய்து கொடுக்கிறார்கள்.

சரி, ஒரு சோதனை சொல்கிறேன். பானட்டின் நடுவில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஓட்டுநர் பக்கம் பழைய சீலன்ட்டே இருக்கட்டும், அதன் மேல் அதையே ஒரு கோட் புதுப்பியுங்கள். மறுபக்கம் சுத்தமாக எடுத்துவிட்டுப் புது ஸ்பிரே. ஒரே வெயில், ஒரே மரம், ஒரே தண்ணீர். மழை முடியும்போது பாருங்கள். இன்டர்நெட்டில் எவனோ ஒருவன் ஜெர்மனியில் செய்த சோதனையைவிட இது உங்களுக்கு ஆயிரம் மடங்கு பயன்படும். எனக்குச் சிறுவாணித் தண்ணீர், உப்பு குறைவு. என் வண்டியில் கறையே விழாத பொருள் உங்கள் வண்டியில் ஒரே நாளில் வட்டம் போடும். என் அனுபவத்தை வைத்து நீங்கள் வாங்கக் கூடாது.

ஸ்பிரே அடிக்கும்போது: காலையில் வெயில் ஏறும் முன் செய்யுங்கள். புறங்கையை பானட்டில் வையுங்கள், சில்லென்று இருக்க வேண்டும். சூடான பேனலில் ஸ்பிரே உடனே காய்ந்து எண்ணெய்த் திட்டு மாதிரி நின்றுவிடும், அப்புறம் துடைத்தால் வராது. பேனலில் நேராக அடிக்காமல் துணியில் அடித்துப் பரப்பி, உடனே வேறு உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். ஒரு நேரத்தில் பாதிப் பேனல். பழைய சீலன்ட்டுக்கு எதிர்மாறான கவனம் வேண்டும்: அது காயக் காத்திருக்கும் வேலை. விரலால் இழுத்தால் தூளாகி வர வேண்டும், பிசுபிசுப்பாக இழுபட்டால் இன்னும் பொறுங்கள். சென்னை ஈரப்பதத்தில் லேபிளில் எழுதியதைவிட நேரம் அதிகம் எடுக்கும். இரண்டுக்குமே முதல் 12 மணி நேரமாவது தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு நாள் என்றால் இன்னும் நல்லது. மாமரத்தடி வேண்டாம் அன்றைக்கு.

உப்புக்காற்று (நீலாங்கரை)

மாமரம் என்றதும் சொல்கிறேன். பூக்கும் பருவத்தில் அதில் தத்துப்பூச்சி வரும். அது கசியும் இனிப்பு நீர் வண்டி முழுக்கப் பிசுபிசுவென்று படியும், பிறகு அதில் கரும்பூஞ்சை பிடிக்கும். தை, மாசியில் இடம் மாற்றி நிறுத்த முடிந்தால் மாற்றுங்கள். எந்தச் சீலன்ட்டும் அதற்குப் பதில் கிடையாது. பறவை எச்சமும் அப்படித்தான். ஈரத்துணியை மேலே போட்டு ஊறவிட்டு அன்றன்றைக்கே எடுத்துவிட வேண்டும். வெயிலில் பெயின்ட் இளகி, ராத்திரி சுருங்கும்போது காய்ந்த எச்சத்தின் உருவம் அப்படியே பதிந்துவிடும்.

வண்டிக்காரத்தம்பி (மதுரை)

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைக் கடைசி அலசலுக்குப் பயன்படுத்தலாமா? எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு வாளி வருகிறது.

சிறுவாணிக்கரை (கோவை)

தாராளமாக. காற்றிலிருந்து குளிர்ந்து வடிவது, உப்பு மிகக் குறைவு. தூசி வடிகட்ட மெல்லிய துணியில் வடித்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீரில் முழுதும் கழுவிவிட்டு, இந்த ஒரு வாளியைக் கடைசியாக மேலிருந்து மெதுவாக ஊற்றி, காயும் முன் ஒரு பெரிய மைக்ரோஃபைபர் துண்டால் ஒற்றி எடுங்கள். கருநீலபலேனோ, இது உங்களுக்கும்தான். எந்த பாட்டிலை மாற்றுவதைவிடவும் இந்த ஒரு வாளி அதிகம் உதவும்.

கருநீலபலேனோ (மேடவாக்கம்)

மழை ஓய்ந்துவிட்டது, முடிவைச் சொல்லிவிடுகிறேன். பானட்டை இரண்டாகப் பிரித்து விட்டிருந்தேன். பக்கவாட்டு டோர்களின் கீழ்ப்பாதியிலும் பழைய மிச்சத்தை கிளீன்ஸர் போட்டுக் கையால் எடுத்துவிட்டு ஸ்பிரேதான் அடித்தேன்.

ஸ்பிரே அடித்த பாதியில் தண்ணீர் வேகமாக ஓடுகிறது. வண்டியை ஓட்டினாலே பாதி காய்ந்துவிடும். சேறும் சீக்கிரம் கழன்று வருகிறது. ஆனால் மழைவிட்டு உடனே வெயில் அடித்த நாட்களில், ஓடாமல் நின்ற சொட்டுகள் கூர்மையான வட்டமாகக் காய்ந்தன. தீபாவளிக்கு மறுநாள் பட்டாசுச் சாம்பலோடு தூறல் விழுந்தபோது இது நன்றாகத் தெரிந்தது. சீலன்ட் பாதியில் சொட்டுகள் கொஞ்சம் தட்டையாக நிற்கின்றன, கறை மங்கலாகத்தான் விழுகிறது, ஷாம்பு கழுவலில் போய்விடுகிறது. நிறத்தின் ஆழமும் அந்தப் பக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

டோர்களில் கதையே வேறு. அங்கே சொட்டு நிற்பதற்கு இடமில்லை, ஓடிவிடுகிறது. ஸ்பிரே போட்டதில் சேறு ஒட்டுவது குறைந்தது. வட்டம் ஒன்றுகூட இல்லை.

அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறேன். பானட், ரூஃப் போன்ற படுக்கையான பேனல்களுக்குப் பழைய பாலிமர் சீலன்ட். டோர், ஃபெண்டர், பின் பம்பர் போன்ற நிமிர்ந்த பேனல்களுக்கு ஸ்பிரே. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் பிரச்சினையா?

சிறுவாணிக்கரை (கோவை)

ஒரு விரற்கடை ஏறினால் ஒன்றும் ஆகாது. முதலில் மேலே சீலன்ட் போட்டு, அது இறுகிய மறுநாள் பக்கவாட்டில் ஸ்பிரே அடியுங்கள். ஸ்பிரேயை முதலில் அடித்தால் காற்றில் பறந்து பானட் ஓரத்தில் படிந்துவிடும், அதன் மேல் சீலன்ட் சரியாகப் பிடிக்காது.

உங்கள் முடிவை நான் முழு மனதோடு ஏற்கிறேன். நானே யாருக்கும் இதுவரை இப்படிச் சொன்னதில்லை, ஆனால் உப்புத் தண்ணீர் ஊர்களுக்கு இது சரியாக வரும். உப்புக்காற்று சார் வண்டியில் நடந்ததற்கும் இதுதான் காரணமாக இருக்கும்: படுக்கையான பேனலில் சொட்டு நின்று காய்கிறது.

துடைப்புத்துணி (திருச்சி)

எங்கள் ஊரில் காவிரித் தண்ணீர். வட்டம் விழுந்தது இல்லை. ஆனாலும் பானட்டில் டேப் ஒட்டிப் பார்க்கிறேன். பாத்திர லிக்விட் ஒரு பாதி, கிளீன்ஸர் ஒரு பாதி. கோடை முடிந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.

பெயின்ட்பூத் (சேலம்)

எழுதுங்கள். டேப் எடுக்கும்போது மெதுவாக, பின்பக்கமாக மடித்து உரியுங்கள். வெயிலில் விட்டுவிடாதீர்கள், பசை இறங்கிவிடும். பெயின்டர்கள் பயன்படுத்தும் காகித டேப்தான் வேண்டும், பழுப்பு நிற பார்சல் டேப் வேண்டாம்.

கருநீலபலேனோ (மேடவாக்கம்)

கடைசியாக ஒன்று. ஸ்பிரே பாட்டிலில் பாதி மிச்சம் இருக்கிறது. அலாய் வீலுக்குப் போடலாமா?

சிறுவாணிக்கரை (கோவை)

போடலாம், அங்கே நல்ல பயன். சக்கரத்தைக் கழற்றி உள்பக்கமும் அயர்ன் ரிமூவர் போட்டுக் கழுவிக் காயவைத்துவிட்டு, துணியில் எடுத்துத் தடவுங்கள். பிரேக் டிஸ்க்கில் மட்டும் ஒரு துளிகூடப் படக் கூடாது.